மோட்டார் ரூம் மாடியில் எடுத்த படம்

முப்பத்திரண்டு வயதுவரை இராமலட்சுமியைப் பற்றி ஊரில் யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. உத்தரகோசமங்கைக்குப் பக்கத்துச் சிற்றூர். அம்மா மீனம்மாள் அடுத்தவர் மிளகாய்க் கொல்லையில் களையெடுத்து மகளைப் படிக்கவைத்தாள். மகள் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் டீச்சர் ஆனாள். வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போனதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2005 கடைசியில், மழை விட்ட ஒரு சாயங்காலம், பிள்ளைகளுக்கு நிலாவைக் காட்டவென்று வீரபத்திரன் தன் தொலைநோக்கியைப் பள்ளிக்குக் கொண்டுவந்தான். பெரிய வீட்டுப் பிள்ளை. சிங்கப்பூரில் வேலை பார்த்தவன், தகப்பனார் இறந்ததும் நிலத்தைக் கவனிக்கத் திரும்பியிருந்தான். வானத்தைப் படமெடுக்கும் கிறுக்கு அங்கேயே பிடித்திருந்தது. தான் எடுத்த படமொன்றை இராமலட்சுமியிடம் காட்டினான். திருவாதிரை நட்சத்திரத்துக்குத் தெற்கே, வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களையும் தாண்டி இருக்கிற வாயு மேகம் அது. ஓரமெல்லாம் சிவப்பாக அழகாக விழுந்திருந்தது. நடுவில் மட்டும் வெள்ளைத் திட்டு.

"உள்ள இருக்குற நட்சத்திரம் வரவே மாட்டேங்குது டீச்சர். தூசி மறைச்சுருது."

"அகச்சிவப்புல எடுத்துப் பாத்தீங்களா சார்? அந்த ஒளி தூசியத் தாண்டி ஓரளவு வந்துருமே."

"கேமராவுல அது விழாதுல்ல."

"விழும். விழாம இருக்கத்தான் உள்ள ஒரு கண்ணாடி வச்சிருக்காங்க. அதக் கழட்டணும்."

அவன் சிரித்தான். அடுத்த வாரமே அவளை வீட்டுக்கு வரச்சொல்லி, அவள் கண்ணெதிரே கேமராவைப் பிரித்தான். நகத்தளவு நீலப்பச்சைக் கண்ணாடி கையோடு வந்தது. அதற்குப் பதிலாக, அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடும் கறுப்புக் கண்ணாடியொன்றைத் தொலைநோக்கிக்கும் கேமராவுக்கும் நடுவே பொருத்தினார்கள்.

படமெடுக்கத் தோதான இடம் அவன் கொல்லையில் இருந்த மோட்டார் ரூம் மாடிதான். தெருவிளக்கு வெளிச்சம் அதுவரை எட்டாது. தொலைநோக்கி நட்சத்திரத்தின் பின்னாலேயே திரும்ப ஒரு கார் பேட்டரி. மகளுக்குத் துணையாக மீனம்மாளும் வருவாள். அதே கொல்லையில் குனிந்து வேலை செய்தவள் அவள். மாடிக்கு ஏறச் சொன்னால், "நான் இங்கனயே இருக்கேன் சின்னய்யா," என்று வரப்பில் உட்கார்ந்துகொள்வாள்.

முதல் வருடம் ஒன்றும் தேறவில்லை. கடல் காற்றின் ஈரம் கண்ணாடியில் படிந்து எல்லாம் மங்கிப்போயிற்று. அகச்சிவப்பில் கேமரா அரைக்குருடுபோல. ஒரு கீற்று வெளிச்சம் சேரவே நெடுநேரம் பிடித்தது. இருவரும் சலிக்கவில்லை. காத்திருக்கும் நேரத்தில் அவன் சிங்கப்பூர்க் கதை சொல்வான், அவள் வகுப்புக் கதை சொல்வாள். அவன் சிரிப்பு கேட்காத நாட்கள் நீளமாக இருப்பதை அவள் கவனித்தாள். ஒரு நாள் மாடிப்படியில் அவள் கால் இடறியபோது கையைப் பிடித்தவன், விட மறந்து நின்றான்.

அடுத்த மார்கழியில் படம் விழுந்தது. நூற்றுக்கணக்கான தனித்தனிப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வேலையை அவன் வீட்டிலேயே இருந்து முடித்தான். ஆருத்ரா தரிசனத்தன்று, ஊரெல்லாம் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, பார்க்க வரச்சொல்லி ஆள் அனுப்பினான். இராமலட்சுமி அம்மாவோடு போனாள். வெள்ளைத் திட்டு இருந்த இடத்தில் கூட்டம் கூட்டமாக நட்சத்திரங்கள். இராமலட்சுமி திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

திருவிழாவுக்கு வந்த சொந்தபந்தம் கூடத்தில் நிறைந்திருந்தது. வீரபத்திரனின் தாயார் வீரலட்சுமி குரலை உயர்த்தவேயில்லை.

"ஏலே, அவ ஆத்தா நம்ம கொல்லையில களையெடுத்தவ. இப்ப வாசப்படியில ஒக்காந்திருக்கா. மக கூடம் வரைக்கும் வந்துட்டா. இன்னும் எதுவரைக்கும் வரவிடப் போற?"

இராமலட்சுமி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்வான் என்று நின்றாள். அவன் கம்ப்யூட்டரை அணைத்தான். அந்தச் சின்ன வேலையை மிகக் கவனமாகச் செய்தான்.

அவள் வெளியே வந்து வாசப்படியில் உட்கார்ந்திருந்த அம்மாவைக் கைபிடித்து எழுப்பினாள். "வாம்மா, போவோம்." வழியெங்கும் கோயிலுக்குப் போகும் கூட்டம் எதிரே வந்தது. மீனம்மாள் எதுவும் கேட்கவில்லை. வாசப்படிக்கு எல்லாம் கேட்டிருந்தது.

தை முடிவதற்குள் அவனுக்குக் கல்யாணம் நடந்தது. இராமலட்சுமி மாற்றல் கேட்டு வாங்கி, அம்மாவோடு ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் குடிபோனாள். அங்கேயும் ஒழுங்காகப் பாடம் நடத்தினாள். திருவாதிரை தெரியும் பனிக்காலத்தில் மட்டும் இருட்டியபின் வாசலுக்கு வராமல் சன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவாள்.

2009-இல் மதுரையில் நடந்த வானியல் கண்காட்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனபோது, சுவரில் அந்தப் படம் தொங்கியது. பெரிதாக, சட்டம் போட்டு. கீழே எழுதியிருந்தது: வீரபத்திரன், உத்தரகோசமங்கை. வேறு பெயர் இல்லை. பக்கத்தில் இன்னொரு பெயர் எழுதி அழிந்திருக்குமோ என்பதுபோல அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முத்தழகு என்ற மாணவி கேட்டாள். "டீச்சர், இவரு ஒங்க ஊருப் பக்கந்தான. ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்படி எடுத்தாராம்?"

இராமலட்சுமி சொல்லிக்கொடுத்தாள். எந்தக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும், ஈரம் படியாமல் எப்படித் துடைக்க வேண்டும், எவ்வளவு பொறுமை வேண்டும் என்றெல்லாம். நடுவில் ஒரு தடவை நிறுத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

வீடு வந்ததும் மீனம்மாள் சோறு போட்டபடி, "என்னத்தா பாத்த அங்கன?" என்றாள்.

"நாங்க எடுத்த படத்த மாட்டியிருந்தாங்கம்மா."

மீனம்மாளின் கை நின்றது. "ஒம் பேரு போட்டிருந்துச்சா?"

"போட்டிருந்துச்சு. மொதல்ல எம் பேரு."

மீனம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வீட்டில் சொல்ல எழுந்துபோனாள். இராமலட்சுமி தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சுவரோரம் திரும்பிப் படுத்தாள்.