முறிந்த அலகும் தோணியில் வந்தவரும்

ஷெல் குண்டுகள் விழத் தொடங்கியதும் நானும் மனைவியும் காய்ச்சலில் கிடந்த மகளும் பனிச்சங்கேணியில் இயந்திரத் தோணி ஒன்றில் ஏறினோம். வாவி நடுவில் வலைக்கயிறு ஒன்று இயந்திரத்தின் விசிறியில் சுற்றி, தோணி நின்றுவிட்டது. தூரத்தில் ஹெலிகொப்டரின் இரைச்சல் கேட்டது.

இரும்பு அறுக்கும் வாளின் அலகைத் தீட்டி நான் ஒரு கத்தி செய்து வைத்திருந்தேன். பிள்ளையாரே என்று அதைக் கயிற்றுக்குள் செருகி நெம்பினேன். பாதி அலகு பட்டென்று முறிந்து நீரில் விழுந்தது.

பக்கத்தில் இருந்த நரைத்த மீசைக்காரர் மிச்சத்தை வாங்கினார். ஏறியதிலிருந்து தோணியின் ஆணி, வாளி எதையும் நகத்தால் சுண்டிக் கேட்டபடி வந்தவர் அவர். இதையும் சுண்டிப் பார்த்தார்.

"சரியான கடினம் தம்பி. இப்பிடி இரும்பு நல்லா வெட்டும், ஆனா வளையாது, முறியும். நெம்பப்படாது, அறுக்கத்தான் வேணும்."

"கெதியா அறுங்க அண்ண, ஹெலி கிட்ட வருது."

"கெதிப்பட்டா கை அலகை முறுக்கிப் போடும். இதுவும் போனா நீங்க பல்லாலதான் கடிக்கணும்."

நீருக்குள் கைவிட்டு, அலகைச் சாய்க்காமல், இழை இழையாக அறுத்தார். மனைவி மகளைச் சேலையால் மூடிக்கொண்டாள். கடைசியில் கயிறு விட்டது, தோணி மறுபடி ஓடியது.

கரையேறியதும் பீடி பற்றவைக்கப் பார்த்தார். ஈரக் கையில் மூன்று குச்சிகள் அணைந்தன. நான்தான் பற்றவைத்துக் கொடுத்தேன்.

மகள் தேறியபின் அவருக்காக அருச்சனை செய்யப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். இரண்டும் எனக்குத் தெரியாது.

"தோணியில வந்த ஒரு ஆள், ஐயா" என்றேன்.

பிள்ளையாருக்கு ஆள் தெரியும்தானே என்று பூத்தட்டைக் கொடுத்தேன்.