எட்டு ஸ்டிக்கர் ஒட்டிய பியானோ

மண்ணரையில், தைத்த பனியன்களில் குறை பார்க்கும் எங்கள் செக்கிங் யூனிட் ஒரு பழைய பங்களாவில் நடந்தது. ஹால் மூலையில் பழைய வீட்டுக்காரர்கள் விட்டுப்போன பியானோ ஒன்று கிடந்தது. அதன் மேல்தான் டீ கேன் வைப்போம். நான் டீ குடிப்பதில்லை, கருப்பட்டிக் காப்பிதான், அது கிடக்கட்டும்.

கரண்ட் கட் அடிக்கடி வந்த வருஷங்கள். ஒரு நாள் பதினோரு மணிக்குக் கரண்ட் போய், சந்தில் மிஷின் சத்தமெல்லாம் அடங்கியது. மூடிக் கிடந்த பியானோவுக்குள் 'டிங்' என்றது. கொஞ்சம் விட்டு மறுபடியும் அதே 'டிங்'.

எலி என்று நினைத்து மூடியைத் திறந்தேன். ஒரு வெள்ளைக் கட்டை தானாக இறங்கி ஏறியது.

தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஸ்டெல்லா, கையிலிருந்த டி-ஷர்ட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். மற்றவர்களும் பின்னாலேயே. மறுநாள் ஒருத்தியும் உள்ளே வரவில்லை.

மேனேஜர் கூப்பிட்டார். "ஏனுங்க ஆத்தா, பத்து நாள் பாப்பனுங்க. பொம்பளைக உள்ள வரலீன்னா யூனிட்டப் பூட்டிருவனுங்க."

இந்த வயதில் வேறு எந்தக் கம்பெனி எனக்குச் செக்கிங் வேலை தரும்? "நான் அதுகிட்ட உக்காந்துக்கறேன் சாமி," என்றேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. இதையும் நான் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள். ஆனால் பனியனில் ஓட்டையோ ஆயில் கறையோ இருந்தால் அங்கே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டத் தெரியும். அன்றும் கரண்ட் போனதும் 'டிங்' என்றது. மூடியைத் திறந்து, பியானோ முன்னாலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்; அதே கட்டைதான் இறங்கியது. அடையாளத்துக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன்.

அடுத்த நாள் அந்தக் கட்டை சும்மா இருந்தது. வலப்பக்கத்துக் கட்டை இறங்கியது. அதற்கும் ஒட்டினேன். இப்படியே தினம் ஒன்று. அது அமுக்கியதும் நானும் அமுக்குவேன். விரல் வைத்தால் கட்டை ஐஸ் மாதிரி இருக்கும். முதுகு சில்லிடும், ஆனால் எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

ஸ்டெல்லா வாசலில் நின்றே கத்துவாள். சர்ச்சில் வாசிப்பதைப் பார்த்துப் பழக்கம் அவளுக்கு. "பாட்டி, வெள்ளைக் கட்டையில சத்தம் ஏழுதான்! எட்டாவது மறுபடி மொதச் சத்தந்தான், சின்னப்புள்ள கொரல்ல கேக்கும்!"

"நீயே வந்து காட்டு கண்ணு."

"எம்மாடி, நான் வரல. நீங்க அதுகிட்டயே படிச்சிக்கிடுங்க!"

எட்டாவதாக இறங்கிய கட்டையில் அதே முதல் சத்தம், பொடிசாக. அதற்கும் ஒட்டினேன்.

ஒன்பதாம் நாள் கரண்ட் போய் ஒரு மணி நேரமாகியும் சத்தமில்லை. "போயிருச்சா பாட்டி?" என்றாள் ஸ்டெல்லா வாசலிலிருந்து.

எழுந்து போய் மூடியைத் திறந்தேன். கட்டைகளில் ஒரு ஸ்டிக்கர்கூட இல்லை. உட்காரலாமென்று திரும்பினால், பெஞ்சில் நான் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் எட்டும் வரிசையாக ஒட்டியிருந்தன. முந்தின நாள் ஹால் கதவைப் பூட்டிய சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

உட்கார்ந்து, அடையாளமில்லாமல் எட்டையும் அமுக்கினேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. அதைக் கேட்டுத்தான் ஸ்டெல்லா உள்ளே வந்தாள், பிறகு மற்றவர்களும். யூனிட்டைப் பூட்டவில்லை.

செக்கிங்குக்குப் புதிதாக வருகிறவர்களே, ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஆனால் பனியன் பீஸைக் கையால் தடவியும் பழகுங்கள். ஸ்டிக்கரை யார் எப்போது எடுப்பார்கள் என்று தெரியாது.

அந்த யூனிட்டில் இருந்தவரை பெஞ்சின் பாதியில் மட்டும்தான் உட்கார்ந்தேன்.