இடது கை தூக்கியவர்கள்

ஷர்லி டீச்சர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். தினமும் கீரமங்கலத்திலிருந்து பஸ் பிடித்துப் புதுக்கோட்டைக்கு வந்து பள்ளி பள்ளியாக ஏறி இறங்குவார். அவர் வருகிறார் என்றாலே சார்ட்டுகள் தூசி தட்டிச் சுவரில் ஏறிவிடும். மாமியார் வருகைக்குக்கூட யாரும் வீட்டை இப்படிப் பெருக்குவதில்லை.

போன ஜூலையில் திருக்கோகர்ணம் பக்கத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றை அவர் தலையில் கட்டினார்கள். தெருவுக்கு ஒரு தனியார் பள்ளி வேன் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போக, இங்கே மிஞ்சியது நாற்பது பேர். மார்ச்சுக்குள் படிப்பில் தேறாவிட்டால் வேறு பள்ளியோடு இணைத்துவிடுவார்கள். அப்புறம் அந்தப் பிஞ்சுகள் மெயின் ரோட்டைத் தாண்டி நடக்க வேண்டும்.

முதல் நாள் ஷர்லி, தமிழ்செல்வன் சார் வகுப்பில் போய் உட்கார்ந்தார். எந்தக் கேள்விக்கும் பதினெட்டுப் பிள்ளைகளின் கைகளும் மேலே போயின. சார் யாரை எழுப்பினாலும் சரியான பதில்! சற்று உற்றுப் பார்த்ததும் ஷர்லிக்குச் சிரிப்பு வந்தது. தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை; சார் எழுப்பியது வலது கைகளை மட்டும்.

இடைவேளையில் கேட்டார்: "எடது கை எத்தனை சார்?"

சாரின் முகம் தொங்கிப்போனது. "எழுதிறாதீங்க டீச்சர். ஸ்கூல மூடிருவாங்க."

"எழுதுனா எம்பேரையும் சேத்துல்ல எழுதணும்? நானும் ஒரு காலத்துல செஞ்சவதான். எத்தனை பேரு?"

"பதினொண்ணு." யாருக்கு எது வராது என்பதையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார்.

"இம்புட்டுத் தெரிஞ்சு வச்சிருக்கீங்க, அத மறைக்கவா பாடுபடுறீங்க? நாளையிலேருந்து எடது கைக்காரங்களுக்குத்தான் மொதல்ல பாடம்."

வாரத்துக்கு இரண்டு நாள் ஷர்லி நடத்த சார் பார்த்தார். அப்புறம் சார் நடத்த ஷர்லி பார்த்தார். தீபாவளி வரை பதினொன்று பதினொன்றாகவே நின்றது. ஷர்லிக்கு எரிச்சலாக வந்தது, அழுகையும் வந்தது. பொங்கலுக்கு ஐந்தானது.

மார்ச்சில் அதிகாரி வந்தார். பிள்ளைகள் தட்டுத்தடுமாறியாவது வாசித்துவிட்டார்கள். அடுத்து, "அரையில பாதி எவ்வளவு?" என்றவர், கை தூக்கியவர்களில் இலக்கியாவை எழுப்பினார்.

"எனக்குத் தெரியாது சார். அதான் எடது கை. சொல்லிக்குடுங்க."

தமிழ்செல்வன் சார் பின்னால் நின்ற ஷர்லியைத் திரும்பிப் பார்த்தார். அதிகாரியோ சாக்பீஸை எடுத்து மளமளவென்று பலகையில் எழுதி விளக்கினார். விளக்க விளக்க, வலது கைகள் ஒவ்வொன்றாக இறங்கி இடது கைகள் ஏறின. கடைசியில் பதினெட்டும் இடது.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "நீங்களே வாங்க சார்" என்று சாக்பீஸை நீட்டி, போய் இலக்கியா பக்கத்தில் உட்கார்ந்தார்.

சார் ஒரு தாளைக் கிழித்து மடித்தார். இன்னொரு மடிப்பு. விரித்துக் காட்டி, "புரிஞ்சுச்சா?" என்றார்.

பதினெட்டு வலது கைகள். பெஞ்சில் இடிபட்டு உட்கார்ந்திருந்த அதிகாரியும் வலது கையைத் தூக்கினார்.

"தெரியலன்னு எங்கிட்டயே சொல்ற பிள்ளைக இருக்குற ஸ்கூலு. இணைக்க வேணாம்னு நானே எழுதுறேன்" என்றார்.

ஷர்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாலை பஸ்ஸுக்குக் கிளம்பினார்.