கம்பனி பொருந்திய வீடு

அந்த வெள்ளிக்கிழமை நான் கேற்றைத் திறந்திருக்க வேண்டுமா? இரண்டு வருடமாகியும் இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. கிணற்றடிப் பக்கம் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. மஞ்சள் மூடி போட்ட ஐந்து லீட்டர்த் தண்ணீர்க் கேன் ஒன்று அங்கே இருக்கிறது. அது எங்களுடையதல்ல. அதன் கைப்பிடி வெடித்து, பழைய சேலைத் துண்டால் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. நான் அதை வீட்டுத் தேவைக்குப் பாவிப்பதில்லை, எறியவும் மனம் வருவதில்லை. என் கணவர் இரண்டு தடவை அதைக் குப்பையோடு சேர்த்து வெளியில் வைத்தார். இரண்டு தடவையும் குப்பை வண்டி வருவதற்குள் நான் போய் எடுத்துக்கொண்டு வந்து பழைய இடத்திலேயே வைத்தேன்.

கேனுக்குரியவரை நான் சாச்சி என்று கூப்பிட்டேன். சொந்தமில்லை. உம்மாவைவிடக் கொஞ்சம் வயது குறைந்த பெண்ணை வேறெப்படிக் கூப்பிடுவது? நாங்கள் இப்போது இருக்கும் வீடு முன்பு அவருடையது. ஆனால் நாங்கள் அதை அவரிடம் வாங்கவில்லை. அவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கம்பனி இருந்தது. கஷ்டத்தில் இருப்பவர்களின் வீடுகளை வாங்கி, பெயின்ற் அடித்து, குளியலறைக்கு மாபிள் போட்டு, கூடுதல் விலைக்கு விற்பதுதான் அதன் தொழில்.

எங்கள் ஊர்களில் பெண்ணைக் கட்டிக் கொடுப்பதென்றால் வீட்டோடுதான் கொடுக்க வேண்டும். உம்மாவின் வீடு மூத்த மகளுக்குப் போகும். அடுத்தவளுக்கு வாப்பா எங்காவது ஒரு வீடு தேட வேண்டும். நான் இரண்டாமவள். எங்கள் சாய்ந்தமருதில் வீடு கட்ட ஒரு துண்டு வெறும் வளவு கிடைப்பது அவ்வளவு இலேசல்ல, கிடைத்தாலும் கட்டி முடிக்க வருடங்கள் ஆகும். கல்யாணம் முடித்து, மூத்தவளான ராத்தாவின் வீட்டு அறை ஒன்றில் இருந்தபோதே நான் பிள்ளைத்தாய்ச்சி ஆகிவிட்டேன். மாமியார் வீட்டார் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வரும்போதெல்லாம் அந்த அறையின் நான்கு சுவரையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த நேரத்தில்தான் வாப்பா கம்பனியின் விளம்பரப் பலகையைக் கண்டார். வாப்பா கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர், கடதாசி விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது. உறுதிப் பத்திரம், காணிப் பதிவகத்துப் பிரதி, வரி ரசீது எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து வாசித்தார். எல்லாம் சுத்தமாக இருந்தன.

உம்மா மட்டும் ஒன்று கேட்டார். இங்கே ஒரு வீட்டை வாங்கினால் கையெழுத்தோடு காரியம் முடிவதில்லை. வாங்குகிற வீட்டுப் பெண்கள் விற்கிற வீட்டுக்காரியைப் பார்க்கப் போவார்கள். ஒன்றாக இருந்து தேத்தண்ணீர் குடிப்பார்கள். அவள் பிஸ்மி சொல்லிச் சாவியைக் கையில் தந்து, “நான் பொருந்திட்டன்” என்பாள். மனக்குறை ஒன்றும் இல்லை, இனி இது உன் வீடு என்று அதற்கு அர்த்தம். அந்த வார்த்தை கிடைக்காத வீட்டில் உம்மாவின் தலைமுறை பால் காய்ச்சமாட்டாது.

“வீட்டுக்காரிட பொருத்தம் கேக்கோணுமே தம்பி, அவ எங்க இரிக்கா?” என்று கம்பனி அலுவலகத்தில் உம்மா கேட்டார்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த முகாமையாளர் சிரித்தார். “வீட்டுக்காரி கம்பனிதான் உம்மா. கம்பனி பொருந்திட்டு!”

வாப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். சாவி ஒரு கடித உறையில் வந்தது.

மகள் பிறந்து நாற்பது நாள் முடிந்த பிறகுதான் சாச்சி முதன்முதலாக வந்தார். வெள்ளிக்கிழமை, ஜும்மாத் தொழுகைக்கு முந்திய நேரம். முன்பு இந்த வீட்டில் இருந்ததாகவும், இப்போது பாலமுனையில் வாடகைக்கு இருப்பதாகவும், அங்கே கிணற்றுத் தண்ணீர் உவர் என்றும் சொன்னார். “இந்தக் கிணத்துத் தண்ணில தேத்தண்ணி குடிச்சுப் பழகின வாய் மகள். ஒரு கேன் மட்டும் அள்ளிக்கிறன்.” ஒரு கேன் தண்ணீருக்காகப் பாலமுனையிலிருந்து பஸ் ஏறி வருவார்களா என்று எனக்குத் தோன்றவே இல்லை. உள்ளே கூப்பிட்டேன். கிணற்றடிக்குப் போகும் வழியில் அவர் ஹோலில் நின்று மேலே பார்த்தார். கம்பனி வீட்டில் எல்லாவற்றையும் மாற்றியிருந்தது. கூரை வளையில் இருந்த இரும்புக் கொக்கியை மட்டும் கழற்ற மறந்து, அதன் மேலேயே வெள்ளைப் பெயின்ற் அடித்திருந்தது. அதில்தான் நான் மகளின் ஏணைத் தொட்டிலைக் கட்டியிருந்தேன்.

“என்ட மகளயும் இதிலதான் ஆட்டின. நல்லா நித்திர கொள்ளுவா, பயப்புடாதீங்க” என்றார். ஏணைக்குள் எட்டிப் பார்த்து, “மூக்கு வாப்பாட மூக்குப்போல. பாவம், வளந்தாச் சரியாகும்” என்று சொல்லிச் சிரித்தார். பிள்ளை பெற்ற நாளிலிருந்து அன்றுதான் நானும் வாய்விட்டுச் சிரித்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் வந்தார். நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ, கேனின் மூடியைத் திருகிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். மகன் வெளிநாடு போவதற்காக அவருடைய கணவர் இந்த வீட்டைக் கம்பனியிடம் ஈடு வைத்தாராம். வீடு சாச்சியின் பெயரில் இருந்ததால் உறுதி எழுதும் நொத்தாரிசு வீட்டுக்கு அவரையும் கூட்டிப் போனார்களாம். “ஈடு வைக்கிற எண்டுதான் மகள் நான் கையெழுத்துப் போட்ட. ஒரு வருசத்தில மீட்டுக்கலாம் எண்டாங்க. இது என்ட மகளுக்கு வெச்சிருந்த ஊடு.”

வாப்பாவிடம் சொன்னேன். அவர் உறுதியை எடுத்து மறுபடியும் வாசித்தார். “ஈடு இல்ல மகள், அறுதியா வித்ததாத்தான் எழுதியிரிக்கி. நம்மட பக்கம் சுத்தம்” என்றார். ஆனாலும் அன்று அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பியதைப் பார்த்தேன். என் கணவர் கம்பனிக்கு அழைத்துக் கேட்டார். போனை என்னிடமும் தந்தார். “உள்ளுக்கு எடுக்காதீங்க தங்கச்சி,” என்றார் முகாமையாளர். “இப்பிடித்தான் தண்ணிக்கு எண்டு வருவாங்க. ஒரு நாளைக்குக் குந்திட்டாங்கண்டா எழுப்ப ஏலா. பிறகு எங்களக் குறை சொல்லப்படாது.”

அன்றிலிருந்து நான் கேனைக் கேற்றுக்கு மேலால் வாங்கி, நிரப்பி, மேலாலேயே கொடுத்தேன். சாச்சி ஏனென்று கேட்கவில்லை. “புள்ள நித்திரையா?” என்று மட்டும் கேட்பார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் தனியாக வரவில்லை. பக்கத்து வீட்டு மதிலின் நிழலில் அவருடைய மகள் தலையைக் குனிந்தபடி நின்றாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது குறைந்தவள். சாச்சி கேற்றின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“மகள், ஞாயித்துக்கிழம இவளப் பொண்பாக்க வாறாங்க. நல்ல இடம். பொண்ணுக்கு ஊடு எங்க எண்டு கேப்பாங்க. ஒரே ஒரு நாளைக்கு, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகு, உங்கட முன் ஹோலத் தாங்க. நாங்க வந்து இரிந்து, தேத்தண்ணி குடுத்து, அனுப்பிட்டுப் போயிருவம்.”

“அவங்களுக்குப் பொய் சொல்லவா சாச்சி?”

“பொய்யா? இது இவள்ட ஊடுதானேகா?”

உள்ளே மகள் அழ ஆரம்பித்தாள். கேற்றின் தாழ்ப்பாள் என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே நான் சொன்னேன்: “நாங்க கம்பனிட்டத்தான் வாங்கினம் சாச்சி. எதெண்டாலும் கம்பனியோட கதைங்க.”

பொய்க்குத் துணை போகக்கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று நீண்ட நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து இருந்துவிட்டு அவர்கள் எழும்பாமல் விட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் முதலில் வந்தது. பொய் பாவம் என்ற மார்க்கம் அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. ஒருவேளை இரண்டும் ஒன்றாகவே வந்திருக்கலாம். சாச்சி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். கேனைக் கேற்றடியிலேயே விட்டுவிட்டார். மறந்து விட்டாரா, வேண்டுமென்று விட்டாரா என்பதும் எனக்குத் தெரியாது.

அதன் பிறகு அவர் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நான் கேனைக் கழுவி நிரப்பி வைத்தேன். மாலையில் அந்தத் தண்ணீரை வாழை அடியில் ஊற்றினேன். நான்கு மாதமிருக்கும், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரு மௌத்து அறிவித்தல் சொன்னார்கள். இந்த ஊரைச் சேர்ந்தவர், பாலமுனையில் வசித்தவர் என்றதும் சாச்சிதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. தலைக்குள் நரம்பு வெடித்ததாம். ஒரு நாள்கூட ஆஸ்பத்திரியில் இருக்கவில்லையாம்.

மூன்றாம் நாள் மகளை உம்மாவிடம் விட்டுவிட்டுக் கேனையும் எடுத்துக்கொண்டு பாலமுனைக்குப் போனேன். ஒரு வளவின் பின்பக்கம், தகரம் போட்ட ஒற்றை அறை. வெயிலில் நடந்து வந்த எனக்கு யாரோ ஒரு பெண் அந்த வளவுக் கிணற்றிலிருந்து ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். குடித்தேன். உவரே இல்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர். கிளாஸை முழுவதும் குடித்து முடிக்க எனக்கு நெடுநேரம் எடுத்தது.

சாச்சியின் மகள் பாயில் இருந்தாள். அவள் பக்கத்தில் போய் இருந்து, “தங்கச்சி, உங்கட உம்மா சார்பில என்னப் பொருந்திக்கோங்க” என்றேன்.

அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. “எங்களிட்ட என்னத்துக்குக் கேக்கிறீங்க ராத்தா?” என்றாள். “கம்பனிட்ட வாங்கினதுதானே. கம்பனிட்டக் கேளுங்க.” கேனை நான் அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவள் அதை என் பக்கமே திருப்பி வைத்தாள்.

அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். வீடில்லாத பெண் என்று அதன் பிறகும் யாரும் வரவில்லையாம். இப்போது அவள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அவளுடைய போன் இலக்கத்தை ஒருவர் மூலம் எடுத்து வைத்திருக்கிறேன். பல தடவை செய்தி எழுதி அழித்துவிட்டேன். “பழசக் கிளறாத. நாம ஆரையும் ஏமாத்தல்ல” என்கிறார் கணவர். ஓம், நாங்கள் ஏமாற்றவில்லை. வாப்பா உறுதியை இப்போதும் பிளாஸ்ரிக் உறையில் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறார். போன மாதம் எனக்கு இரண்டாவது மகள் பிறந்தாள். அதே கொக்கியில் அவளுடைய ஏணை ஆடுகிறது. இந்த வீடு நாளைக்கு என் மூத்த மகளுக்கு. அதை எழுதிக் கொடுக்கும் நாளில் நான் அவளுக்கு எதைச் சொல்லிச் சாவியைக் கொடுப்பது?

வாசிக்கிற உங்களில் என்னைவிட விஷயம் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். மௌத்தாகிப்போன ஒருவரின் பொருத்தத்தை யாரிடம் கேட்பது? வாரிசு தரமாட்டேன் என்றால் திரும்பத் திரும்பக் கேட்கலாமா, அல்லது அதுவும் அவளுக்குச் செய்கிற இன்னொரு அநியாயமா? வீட்டை விற்றுவிட்டுப் போனால் சரியாகுமா? வாங்குவதற்கு அதே கம்பனிதான் வரும். குவைத்தில் இருக்கும் அந்தப் பிள்ளைக்கு முதல் வரியில் என்ன எழுதலாம் என்றாவது யாராவது சொல்லுங்கள். இன்று வெள்ளிக்கிழமை. கேனைக் கழுவி, நிரப்பி, மஞ்சள் மூடியைப் போட்டுக் கேற்றடியில் வைத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.