ரப்பரா, இரும்பா

அண்ணன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு அவனுடைய கார் எனக்கு வந்தது. விற்றுவிடு என்றார்கள். திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கு பஸ் மாறி இடிபட்டுப் போய்வந்தவளுக்கு, கார் கசக்குமா?

அதைப் பந்தய வண்டி போல மாற்றி வைத்திருந்தான். முன்சக்கரத்துக்கு மேலே ஷாக் அப்சார்பரின் தலையைப் பிடித்துக்கொள்ளும் மவுண்ட்டில் ரப்பரை எடுத்துவிட்டு, இரும்புக் குண்டு வைத்த மவுண்ட்டைப் போட்டிருந்தான். அப்போதுதான் வளைவில் வண்டி சொன்ன பேச்சு கேட்கும் என்பான். கேட்டதோ இல்லையோ, தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் 'டொக்'கென்று ஓர் அடி விழும். அவன் வருகிறான் என்று தெருவுக்கே தெரிந்துவிடும்.

அவன் போன பிறகும் அந்தச் சத்தத்துக்கு அம்மா எழுந்து வாசலுக்கு வந்தாள். டிரைவர் பக்கத்துக் கதவையே பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் இறங்கியதும் திரும்பி உள்ளே போய்விடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செத்தவனுக்காக எழுந்து வருகிறாள், உயிரோடு வருகிறவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று வயிறெரிந்தேன். போகப்போக எனக்கே பயம் பிடித்துக்கொண்டது. 'டொக்' என்றதும் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்ப்பேன்.

மவுண்ட் தேய்ந்துபோனது. மெக்கானிக் புதிதாக இரண்டு வகை எடுத்து வைத்தார்.

"இரும்பு போட்டா அண்ணன் வச்ச மாரியே இருக்கும்க்கா. தெனம் வேலைக்குப் போய்க்கினு வர்றதுக்கு ரப்பர்தான் நல்லது, சத்தமே வராது. இன்னா சொல்ற?"

என் கை இரும்பின் மேல்தான் போனது. அம்மா வாசலில் நிற்பது நினைவுக்கு வந்தது. "ரப்பரே போடுங்க" என்றேன். அண்ணனை நடுரோட்டில் இறக்கிவிட்டதுபோல் இருந்தது. வழியெல்லாம் அழுதுகொண்டே ஓட்டினேன்.

தெருமுனையில் வண்டி சத்தமில்லாமல் திரும்பியது. வாசலில் அம்மா இல்லை. உள்ளே போனால், போனில் என் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"எப்படி வந்த? சத்தமே கேக்கலியே!"

"மவுண்ட்ட மாத்திட்டேம்மா. அண்ணன் வந்துட்டான்னு இனிமே நீ ஏமாற வேணாம்."

"அவன் இல்லன்னு எனக்குத் தெரியாதாடி? அவனத் தூக்கினு போனப்போ நான் பாக்கல? நீயாவது ஊடு வந்து சேந்தியான்னுதான் தெனம் எய்ந்து வந்து பாக்குறேன்."

அந்த வீட்டில் அந்தச் சத்தத்தை அண்ணன் வருவதாகக் கேட்டுக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.