ட்ரை பண்றேன் அம்மணி

'ட்ரை' என்றால் முயற்சி செய் என்று ஈரோட்டில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சுத்தப் பொய். எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்தில் அதற்கு அர்த்தம், 'முடியாது, ஆனால் அதை என் வாயால் சொல்லமாட்டேன்' என்பதுதான்.

எங்கள் வீடு துடியலூரில். ஈரோட்டில் எனக்கு டீச்சர் வேலை வந்தபோது மகளுக்கு ஒன்றரை வயது. அவளையும் கூட்டிக்கொண்டு போய் அங்கேயே குடியிருக்கலாம் என்றேன். என் வீட்டுக்காரரின் சித்தப்பா குறுக்கே வந்தார். பெரிய இடத்துப் பழக்கம் உள்ளவர்.

"எதுக்கு அம்மணி கொழந்தையைப் போட்டு அலைக்கழிக்கோணும்? இந்தப் பக்கமே மாத்தலுக்கு நான் ட்ரை பண்றேன்" என்றார்.

வீடே தலையாட்டியது. நானும் நம்பி, குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டுத் தனியாகப் போனேன்.

லீவு விட்டால் அவர் வீட்டுக்குப் போய் நிற்பேன். "ட்ரை பண்ணீட்டேதான் இருக்கறேன் கண்ணு" என்பார். கூடவே காப்பி, முறுக்கு. அந்த மரியாதையைத் தூக்கிக் குப்பையில் போட! இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. மகள் வாய் நிறையப் பேசக் கற்றுக்கொண்டாள். கூட இருந்து கேட்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன். "மாமா, நெசமாலுமே ஆருகிட்டயாச்சும் கேட்டீங்களா?"

அவர் சிரித்தார். "பெரிய மனுசங்ககிட்டப் போயி நிக்கறதுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு அம்மணி."

"அப்ப அன்னைக்கே முடியாதுன்னு சொல்லிப்போட்டிருக்கலாமுங்களே?"

"மூஞ்சிக்கு நேரா அப்படிச் சொன்னா நல்லாவா இருக்கும்?"

நல்லாவா இருக்குமாம்! அன்றைக்கே முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருந்தால் ஒரு பாட்டம் அழுதுவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போயிருப்பேன். இங்கே யாரும் யார் மனசையும் நோகடிக்கமாட்டார்கள். நோகாமல் கழுத்தை அறுப்பார்கள்.

காப்பியைத் தொடாமல் எழுந்து வந்தேன். மறுநாளே மகளின் துணிமணிகளைப் பையில் அடைத்து, அவளைத் தூக்கிக்கொண்டு ஈரோடு பஸ் ஏறினேன். "அத்தைகிட்டப் போகோணும்" என்று அவள் வழியெல்லாம் கத்தினாள். மடியில் உட்காரமாட்டேன் என்று என் கையைக் கடித்தாள். நான் விடவில்லை, இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

முன் சீட்டில் இருந்த அம்மாள் திரும்பி, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"ஏனுங்க, கொழந்தையோட அம்மா வரலீங்களா?"