தாடையில் மூன்று புள்ளி

பவானேஸ்வரி ஒரு செயலியைப் பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டாள். "ரிஜெக்ட்" என்பாள். மலேசியாவில், மலாக்கா பக்கத்துக் குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் இருபத்து மூன்று வருடம் பூதக்கண்ணாடி வழியாக மின்சுற்றுப் பலகைகளைப் பார்த்துக் கோளாறு கண்டுபிடித்தவள். அவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். நான் அதே தொழிற்சாலையில் அலுவலகக் கிளார்க். மத்தியானம் இருவரும் ஒரே மேசையில் சாப்பிடுவோம். அவளுடைய நெத்திலிச் சம்பலில் பாதி எனக்கு, என் வீட்டுப் புட்டில் பாதி அவளுக்கு. இப்போது இருவரும் வேலையை விட்டாயிற்று. ஆனாலும் பன்னிரண்டரை மணி ஆகிவிட்டால் பக்கத்தில் அவள் இல்லையே என்று எனக்கு இன்னும் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

கடைசி நான்கு வருடமும் எங்கள் சாப்பாட்டு நேரத்தைக் கேமரா செயலிகள்தான் தின்றன. புதிதாக ஒன்றை இறக்கினால் உடனே மூன்று படம் எடுப்பாள். தட்டில் இருக்கும் வெள்ளைச் சோறு, அவளுடைய வலது கை, அப்புறம் என் முகம். நான் சும்மா இருக்கிற ஆளா?

"சாப்பிடும்போது வாயைத் திறந்தபடி என்னை எடுக்காதே லா."

"நீங்க சிவப்புக்கா. உங்களை எந்த ஆப்பும் கெடுக்காது. என் கைய பாருங்க, என்னா செஞ்சி வெச்சிருக்கு."

பார்த்தால், அவளுடைய நல்ல கருப்புக் கை பால் தேநீர் நிறத்துக்கு வந்திருக்கும். கையோடு 555 என்ற குட்டி நோட்டுப் புத்தகத்தை எடுப்பாள். எந்தச் செயலி மஞ்சளைக் கூட்டுகிறது, எது தலைமுடியைக் கம்பி மாதிரி ஆக்குகிறது, எது கேட்காமலேயே கண்ணைப் பெரிதாக்குகிறது என்றெல்லாம் பொடி எழுத்தில் குறிப்பாள். ஒன்றில் முகத்தை வழவழப்பாக்கும் பொத்தானை மூன்று பக்கம் தள்ளி ஒளித்து வைத்திருந்தார்கள். அதைக் கண்டுபிடித்த அன்று வேலையிடத்தில் யார்மேலும் வராத கோபம் அவளுக்கு அந்தச் செயலிமேல் வந்தது. எனக்கோ அந்தப் பொத்தான்தான் பிடிக்கும். கழுத்து மடிப்பெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் போகிறதென்றால் எனக்கு என்ன வலிக்கிறதா? அப்படிச் சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

கடைசியில் இரண்டே இரண்டு அவளுடைய கைபேசியில் தங்கின. ஒன்று, வெளிச்சத்தைக் கையால் கூட்டிக் குறைத்துப் படம் எடுக்க விடுவது. வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கினால்தான் கருப்பு முகம் தன் மினுமினுப்போடு விழும் என்பாள். மற்றொன்று படத்தைத் திருத்துவது. அதிலும் நிழலைத் தூக்குவது, கோணலை நிமிர்த்துவது, இவ்வளவுதான் செய்வாள். முகத்தில் கை வைக்க மாட்டாள்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் அவளுடைய அம்மா கருப்பாயி.

டுரியான் துங்காலுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர் அவர். என்னைப் பார்த்தால் "கிளார்க்கம்மா, சாப்பிட்டீங்களா" என்பதற்கு மேல் பேச மாட்டார். தாடையில் முக்கோணமாக மூன்று பச்சைப் புள்ளி குத்தியிருக்கும். 2019இல் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் பவானி புதுக் கைபேசியோடு போயிருந்தாள். அங்கே அவளும் மற்றவர்களும் அதில் எடுத்த படங்களில் ஒன்றில்தான் அம்மாவின் முகம் நேராக, கண் திறந்து விழுந்திருந்தது. மற்றதெல்லாம் பக்கவாட்டில், கூட்டத்தில், பாதி முகம். நான்கு மாதத்தில் அம்மா போய்விட்டார். அந்த ஒரு படத்தை மலாக்காவில் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, மாலை போட்டு மாட்டினார்கள். மாட்டிய பிறகுதான் பவானி பார்த்திருக்கிறாள், தாடை துடைத்த மாதிரி இருந்தது. கைபேசி அந்த மூன்று புள்ளியையும் முகப்பரு என்று நினைத்து எடுத்துவிட்டது.

"வீட்டுல யாரோ ஒரு பொம்பளை படத்துக்கு நான் தினம் வெளக்கு வெக்கிறேன்கா" என்று சாப்பாட்டு மேசையில் அழுதாள். போனைச் சரியாகப் பார்த்து வாங்காதது தன் தப்பு என்று அவளுக்கு உறுதி. பச்சைப் புள்ளியைத் திருப்பி வைக்க எத்தனையோ செயலியில் வரைந்து பார்த்தாள். பச்சை எடுத்தால் மருதாணி மாதிரி இருக்கிறது, நீலம் எடுத்தால் பேனா மை மாதிரி இருக்கிறது. தோலுக்கு அடியில் இருக்கும் நிறம் எந்தத் தூரிகையிலும் வரவில்லை.

போன மார்ச் மாதம் ஒரு நாள் காலையில் போன் அடித்தாள். குரலே துள்ளியது.

"பாலாக்கா, ராஜம்மா அத்தை ஞாபகம் இருக்கா? தோட்டத்துல எங்க பக்கத்து வீடு. எங்கம்மாவுக்கும் அவங்களுக்கும் ஒரே நாள்ல ஒரே ஆள் குத்துன பச்சை. அதைப் படம் எடுத்து வந்து அப்படியே அம்மா தாடைல ஒட்டிடலாம். வரீங்களா?"

எனக்கு மறுக்க வாய் வரவில்லை. என் காரில்தான் போனோம்.

ராஜம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. டுரியான் துங்காலில் மகன் வீட்டில் இருக்கிறார். எங்களைப் பார்த்ததும் பிஸ்கட் டின்னைத் திறந்து வைத்தார். பவானியும் அவரும் பழங்கதை பேச ஆரம்பித்தார்கள். வருடத்துக்கு ஒரு தடவை தீபாவளிக்கு மலாக்காவிலிருந்து கேமராக்காரர் வருவாராம். ஒரு சுருளில் முப்பத்தாறு படம். கண் சிமிட்டினால் அடுத்த தீபாவளிதான். பவானியின் அப்பா மூன்று வருடம் தொடர்ந்து கண்ணை மூடினாராம். சிரித்துச் சிரித்து ராஜம்மாவுக்குப் புரையேறியது. எனக்கும் அந்தத் தோட்டத்தில் பிறந்திருக்கலாமோ என்று ஒரு நிமிடம் பொறாமையாக இருந்தது. என் அப்பா ரயில்வே கிளார்க். எங்கள் வீட்டுப் படங்களில் யாரும் சிரித்ததே இல்லை.

பவானி நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டாள். வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கினாள்.

"அத்தை, தாடையை மட்டும் கிட்டக்க ஒரு படம் எடுத்துக்குறேன்."

ராஜம்மா சட்டென்று முந்தானையை இழுத்துத் தாடையை மூடிக்கொண்டார். "இத எதுக்கு எடுக்குற? மூஞ்சிய எடு. எடுத்துட்டு இத அழிச்சிரு. கருப்பாயிக்கு அழிச்ச மாதிரி."

"அது போன் செஞ்ச தப்பு அத்தை. அதைச் சரி பண்ணத்தான் வந்திருக்கேன்."

"தப்பா? அவ கேட்டுல்ல அழிச்சா."

பவானி கைபேசியை இறக்கினாள்.

"நீ பால்குடம் எடுக்கப் போயிட்ட. போனு உங்கம்மா மடில. பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு, யாரு வீட்டுப் பொண்ணோ தெரியல, அத இத அமுக்கிக் காட்டுச்சு. கண்ணாடி மாதிரி மூஞ்சி தெரியுது. ஒண்ண அமுக்குனுச்சு பாரு, பச்சை இல்ல! கருப்பாயி என் தொடையைக் கிள்ளுனா. 'ராஜம், பாருடி, போயிருச்சுடி'ன்னா. அதையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் சொன்னா, 'பத்து வயசு வரைக்கும் எனக்கு இந்த மூஞ்சிதான்டி இருந்துச்சு'ன்னு. 'இப்படியே ஒரு படம் எடு'ன்னு அவதான் கேட்டா, அந்தப் பொண்ணு எடுத்துச்சு."

ராஜம்மாவே தொடர்ந்தார்.

"ரெண்டு பொம்பளைங்க கையைப் பிடிச்சிக்கிட்டாங்க, ஒருத்தி தலையைப் பிடிச்சிக்கிட்டா. நாங்க கத்தக் கத்தக் குத்துனாங்க. அழகுக்குன்னாங்க. பொறவு மலாக்கா டவுனுக்குப் போனா துணிக்கடைல மொதல்ல தாடையத்தான் பாப்பாங்க. தோட்டத்துக்காரின்னு தெரிஞ்சா சேலைய விரிச்சிக்கூடக் காட்ட மாட்டாங்க, ஆயி."

எனக்கு உட்கார முடியவில்லை. அப்படித் தாடையைப் பார்த்தவர்கள் என் வீட்டிலும் இருந்தார்கள். என் பெரியம்மா பார்த்ததை நானே பார்த்திருக்கிறேன். பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

பவானி கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள். "நாலு வருஷமா அந்தப் படத்தை வெறுத்திருக்கேன் அத்தை. எங்கம்மா இல்லேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? பிடிக்கலன்னு ஒரு வார்த்தை?"

"எப்புடிச் சொல்லுவா? நீ கைக்குழந்தைல அந்தப் பச்சையத் தடவிக்கிட்டேதான் தூங்குவ. கையை எடுத்தா ஊரைக் கூட்டிருவ. 'எம் மவளுக்கு இதுன்னா உசுரு'ன்னு லயத்து வீடு பூரா சொல்லித் திரிஞ்சா. உனக்கு உசுரா இருக்குறத, எனக்குப் பிடிக்கலன்னு உங்கிட்டயே எப்புடி ஆயி சொல்லுவா?"

பவானி கொஞ்ச நேரம் அழுதாள். நான் எழுந்து போய் அவளுடைய முதுகில் கை வைத்தேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நிமிந்து உக்காருங்க அத்தை" என்றாள். ராஜம்மா முந்தானையை விட்டார். முழு முகத்தையும் ஒரே தடவையில் எடுத்தாள். நல்ல படம். கருப்பு கருப்பாக, சுருக்கம் சுருக்கமாக, பச்சை பச்சையாக அப்படியே விழுந்திருந்தது. நான்கு வருடம் தேடிய நிறம் அது.

அதைத் திருத்தும் செயலியில் திறந்தாள். புள்ளியைத் துடைக்கும் கருவி அதில் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை, ஒரு நாளும் தொட்டதில்லை. நான்தான் காட்டினேன். நாற்காலியை ராஜம்மாவின் பக்கம் இழுத்துப் போட்டு, அவரும் பார்க்கும்படி கைபேசியைப் பிடித்துக்கொண்டு, ஒரு புள்ளியைத் துடைத்தாள். இரண்டாவதைத் துடைத்தாள். ராஜம்மா மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது புள்ளியின் மேல் அவளுடைய விரல் தடவித் தடவி நின்றது. அப்புறம் அதையும் துடைத்தாள்.